ஐம்பது பாகைத் தண்ணீர்

2 பெப்ரவரி 2006, வியாழன்

பால் புளித்திருந்தது எனக்குத் தெரியவில்லை. எம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளினாள். "அம்மா, இது பழுதாப் போச்சு. உங்களுக்கு மணக்கேல்லையா?"

பதின்மூன்று வயது மகளுக்கு என்னவென்று சொல்வது? "எனக்குத் தடிமன்" என்றேன். மூன்று கிழமையாக எனக்குத் தடிமன். வீட்டில் தடிமன், கடையில் தடிமன், கோயிலில் தடிமன். ஒரு தும்மல்கூட வராத தடிமன்.

ஜனவரி பத்தாம் திகதி காலை, புருசெத் ரயில் நிலையத்துப் படியடியில் ஐஸில் வழுக்கி மல்லாக்க விழுந்தேன். பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து, எலும்பு உடையவில்லை, நல்ல காலம் என்று சொல்லி அனுப்பினார்கள். மூக்கைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானே மூன்றாம் நாள்தான் கவனித்தேன். சோறு அடிப்பிடித்துப் புகைமணி கத்துகிறது, நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஒரு சின்னப் போத்தலில் கராம்பு போட்டு வைத்திருக்கிறேன். காலையில் எழும்பியதும் மூடியைத் திறந்து மணந்து பார்க்கிறேன்.

இன்று: இல்லை.

7 பெப்ரவரி, செவ்வாய்

கராம்பு: இல்லை. சவர்க்காரம்: இல்லை. எம்மாவின் தலைமயிர்: இல்லை.

11 பெப்ரவரி, சனி

எந்த வேலை என்றாலும் சமாளித்திருப்பேன். பஸ் ஓட்டலாம், கணக்கெழுதலாம், பிள்ளை பார்க்கலாம். எனக்கு வாய்த்த வேலையே மூக்கு.

எட்டு வருடத்துக்கு முன் தூரிட்டின் தேயிலைக் கடைக்கு நான் போனது நிலம் துடைக்க. ஒரு நாள் காலை, துடைப்பத்தைப் பிடித்தபடியே, எனக்குத் தெரிந்த அரைகுறை நொர்வேஜியத்தில் அவளிடம் சொன்னேன்: இந்தத் தேயிலைப் பேணி கோப்பிக்கொட்டைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அவள் மணந்து பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. அனுப்பியவர்களைத் தொலைபேசியில் கேட்டாள். இருந்ததாம், இரண்டு நாள். அன்றிலிருந்து எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். இரண்டு வருடத்தில் நிலம் துடைக்க வேறொருத்தி வந்தாள், நான் மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

வாடிக்கையாளர்கள் என்னை 'நேசென்' என்பார்கள். மூக்கு என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில், எங்கள் பாசையூரில், ஒருத்தியை மூக்கு என்று கூப்பிட்டால் சண்டை வரும். இங்கே அது மரியாதை. அகதியாக வந்து நிலம் துடைத்தவளுக்கு இந்த ஊர் கொடுத்த ஒரே மரியாதை.

இன்று ஒரு கிழவர் கியொக்குரோ கேட்டார். எங்கள் கடைக்குப் பெயர் வாங்கித் தந்த ஜப்பான் தேயிலை அதுதான். பறிப்பதற்கு மூன்று கிழமை இருக்கும்போதே செடிகளுக்கு மேல் கறுப்புத் துணி விரித்து வெயிலை மறைத்துவிடுவார்கள். அந்த நிழலில் இலை கரும்பச்சையாகி, ஊசி ஊசியாக, கடற்கரை மணத்தோடு வரும். கொதிதண்ணீர் ஊற்றினால் நாசம். ஐம்பது பாகைச் சூட்டுக்கு ஆறவிட்டு ஊற்றவேண்டும், அதுவும் பெருவிரல் அளவு கோப்பைக்கு.

"எப்படி இருக்கிறது இந்தத் தேயிலை?" என்று கேட்டார். நான் பேணியைத் திறந்து, மூக்கடியில் பிடித்து, கண்ணை மூடி, "கடற்பாசி, பிஞ்சுப் பயறு" என்றேன். போன வருடம் கடைக் கொப்பியில் எழுதி வைத்த சொற்கள். என் மூக்கடியில் காற்றுத்தான் இருந்தது.

அவர் இரண்டு பொதி வாங்கிக்கொண்டு போனார்.

23 பெப்ரவரி, வியாழன்

தூரிட் சொல்கிறாள், மே மாதம் ஜப்பானுக்குத் தோட்டம் பார்க்கப் போகும்போது நானும் வரவேண்டுமாம். "துணி விரித்திருக்கும் நேரம். நீ அதை ஒருதரம் மணந்து பார்க்கவேண்டும், அனஸ்ரேசியா. இந்த வருடம் தேயிலையைத் தெரிந்து வாங்குவது நான் இல்லை, நீ."

எட்டு வருடமாக நான் காத்திருந்த சொல். சிரித்தேன். நன்றி சொன்னேன். பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மேக்குள் வந்துவிடும். வரத்தானே வேண்டும்?

14 மார்ச், செவ்வாய்

மூக்கு வைத்தியர் இளம் பொடியன். காதுக்குள் வயர் செருகிப் பாட்டுக் கேட்கும் வயது. கண்ணைக் கட்டி ஒவ்வொரு போத்தலாக நீட்டினான். பன்னிரண்டு போத்தல். பன்னிரண்டுக்கும் "இல்லை".

அடிபட்டபோது மூளை ஆடி, மூக்கிலிருந்து மேலே போகும் நரம்பெல்லாம் அறுந்திருக்குமாம். மயிரிழை மாதிரி மெல்லிய நரம்புகளாம். வந்தால் ஒரு வருடத்துக்குள் வரும், வராவிட்டால் வராது என்றான். நாக்கு வேறு பாதையாம், அதற்கு ஒன்றும் ஆகவில்லையாம். "உப்பு, புளி, இனிப்பு, கைப்பு எல்லாம் தெரியும்தானே?" என்று ஆறுதல் சொன்னான்.

தெரியும். வீடு எரிந்தவளிடம் வாசல்படி இருக்கிறதுதானே என்று கேட்கிறான்.

வீட்டுக்கு வந்து என் மனுசனிடம் சொல்லிவிட்டேன். இனி மறைக்க முடியாது. அவர் வேலைச் சீருடையைக் கழற்றாமலே கதிரையில் இருந்து யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூக்குத்தானே அனா. கண் போகேல்லை, கால் போகேல்லை. எத்தினை சனம் எதெதை எல்லாம் இழந்துபோட்டு வந்திருக்கு."

அவர் நல்லவர். நல்லவர்கள் இப்படித்தான் ஆளைக் கொல்வார்கள். கோபம் வந்தால் நான் அவரை முழுப்பெயரில்தான் எழுதுவேன்: யேசுரட்ணம்.

ஒருவருக்கும், எம்மாவுக்குக்கூட, சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தூரிட்டின் காதுக்குப் போகவே கூடாது.

15 மார்ச், புதன்

இல்லை.

20 மார்ச், திங்கள்

இந்த வீட்டில் எட்டு வருடமாக ஒரு சட்டம் இருக்கிறது. கறித்தூளை இங்கே வறுப்பதில்லை. என் மனுசனின் தங்கை றோஸ் நகருக்கு வெளியே லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறாள், அவள் வீட்டுக் கராஜில் வைத்து வறுத்து, அரைத்து, போத்தலில் இறுக்கி மூடிக் கொண்டுவருவோம். சமைக்கும்போது அறைக்கதவுகள் பூட்டியிருக்கும், ஜக்கற்றுகள் அலுமாரிக்குள் இருக்கும். வேலைக்குப் போகும் உடுப்பைக் குசினிப் பக்கமே கொண்டுபோக மாட்டேன். தேயிலை எல்லா மணத்தையும் இழுத்துக்கொள்ளும். என் கையிலிருந்து ஒரு துளி சீரக மணம் பேணிக்குள் போனால் தேயிலை போச்சு, என் மரியாதையும் போச்சு.

இப்போது எனக்கு என் மணமே தெரியவில்லை. ட்ராமில் பக்கத்தில் ஒருத்தி எழும்பி வேறு இடத்துக்குப் போனால் என்னாலோ என்று பயம். ஒரு நாளைக்கு மூன்று தரம் குளிக்கிறேன். கைத்தோல் வெடித்துவிட்டது.

16 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு

சாம்பிராணிப் புகை பீடத்திலிருந்து எழும்பி, வளைந்து, நாங்கள் இருந்த வாங்குவரை வந்தது. பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் புகை.

எல்லாரும் அல்லேலூயா பாடினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். ஆண்டவரே, மூன்றாம் நாளில் நீர் எழும்பினீர். எனக்குத் தொண்ணூற்றாறு நாள் ஆகிறது.

24 ஏப்ரல், திங்கள்

மே ஆறாம் திகதி சனிக்கிழமை கடையில் சுவை பார்க்கும் நாள். பழைய வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேர். தேயிலை கியொக்குரோ. ஊற்றுவதும் பேசுவதும் நான். அதற்கு அடுத்த கிழமை ஜப்பானுக்கு விமானம்.

தூரிட்டிடம் சொல்லிவிடு என்று ஒரு மனம். சொன்னால் என்ன மிஞ்சும்? மூக்கில்லாத மூக்கு. ஜப்பான் போய் வந்து சொல்லலாம் என்று இன்னொரு மனம். நான் இரண்டாவது மனத்தின் பக்கம் நின்றேன். நான் கோழை. எழுதி வைக்கிறேன்.

4 மே, வியாழன்

செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். சனிக்கிழமைக்கு வைத்திருந்த கியொக்குரோப் பொதியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பழகிப் பார்க்கவேண்டும். முந்தி என்றால் ஆவி எழும்பும் மணத்திலேயே தண்ணீர் ஆறியது தெரியும், இலை விரிந்ததும் தெரியும். இப்போது வெப்பமானியும் மணிக்கூடும்தான்.

கேத்திலில் கொதித்த தண்ணீரை ஒரு கோப்பையில் ஊற்றினேன், அதிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு. ஒவ்வொரு மாற்றலுக்கும் பத்துப் பாகை இறங்கும். ஐம்பதில் நிறுத்தி, பக்கத்தில் கைபிடி வைத்த சின்னச் சாடிக்குள் இலைமேல் ஊற்றி, இரண்டு நிமிடம். குடிக்கவில்லை. என்ன பயன்? கைப்பழக்கம் சரிதானா என்று பார்த்துவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். எம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொற்களையும் பாடமாக்கினேன். "முதலில் கடற்பாசி. பிறகு பிஞ்சுப் பயறு. தொண்டைக்குள் பால் மாதிரி ஒரு இனிப்பு." நாடகத்துக்குப் பாடமாக்குகிற மாதிரி.

பொதியின் வாயை மடித்து, கிளிப் போட்டு, குசினிச் சுவர்த் தட்டில் வைத்திருக்கிறேன். நாளைக்கு இன்னொருதரம் செய்து பார்க்கவேண்டும்.

5 மே, வெள்ளி

வேலையால் வர, வீட்டு யன்னல் எல்லாம் திறந்து கிடக்கிறது. வெளியே ஆறு பாகை. "என்னப்பா, விசரா?" என்றேன். அவருக்கு இன்று லீவு. "சும்மா, காத்து வரட்டும் எண்டு" என்றார். எம்மா தன் ஜக்கற்றைக் கொண்டுபோய்ப் பல்கனியில் தொங்கவிட்டாள். ஏன் என்று கேட்டேன். தகப்பனைப் பார்த்தாள். "ஒண்டுமில்லை அம்மா."

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒன்றுமில்லைதான்.

இரண்டு தரம் ஊற்றிப் பழகினேன்.

6 மே, சனி

முடிந்தது.

7 மே, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. எழுதுகிறேன்.

பன்னிரண்டு பேரும் வந்து நீட்டு மேசையில் இருந்தார்கள். தூரிட் என்னை "எங்கள் மூக்கு" என்று சொல்லி அறிமுகப்படுத்தினாள், கை தட்டினார்கள். நான் ஆறவிட்டேன், ஊற்றினேன், கடைசிச் சொட்டுவரை வடித்தேன், கோப்பைகளை நகர்த்தினேன். "முதலில் கடற்பாசி வரும்" என்றேன். "பிறகு பிஞ்சுப் பயறு."

ஒருவர் கோப்பையை மூக்கடிக்குக் கொண்டுபோய்விட்டு அப்படியே கீழே வைத்தார். இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் தொண்டைக்குள் வரும் பால் இனிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். பாடமாக்கியவளுக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு நல்ல மனுசி, வருடக்கணக்காக வருகிறவள், என் கையைத் தொட்டுச் சிரித்தாள். "எவ்வளவு சுகமான மணம், அனஸ்ரேசியா. உங்கள் வீட்டுச் சமையல் மணம்."

தூரிட் தன் கோப்பையை எடுத்து மணந்தாள். குடித்தாள். பொதியை எடுத்து வாயைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தாள். பிறகு என் காதோடு மிக மெதுவாகக் கேட்டாள். "இதை நீ மணந்து பார்த்தாயா?"

"ஓம்" என்றேன் தமிழில். பிறகு அவளுடைய மொழியில், "கடற்பாசி."

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் முடிந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது.

சமையல் மணம். பதினாறு வருடம் இந்த ஊரில் ஒருவரும் என்னைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடாது என்று நான் ஓடி ஓடிக் கழுவிய சொல் அது. கடைசியில் அன்பாகச் சொன்னார்கள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும், பொதியிலிருந்து அள்ளி வந்த ஒரு பிடி இலையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "மணந்து பாருங்கோ." அவர் மணக்கவே தேவையில்லை, முகம் வெளிறிவிட்டது.

"வெள்ளிக்கிழமை தூள் வறுத்தனான்" என்றார். "லில்லெஸ்ட்ரோமுக்குப் போய்வர அரைநாள் போகுது. யன்னல் எல்லாம் திறந்துதானே விட்டனான். உது குசினியிலை இருந்தது எனக்குத் தெரியாது அனா. உமக்குத்தான் இப்ப மணக்காதே எண்டு நினைச்சன்."

உமக்குத்தான் இப்ப மணக்காதே.

நான் போய்க் கட்டிலில் படுத்தேன். எம்மா வந்து கால்மாட்டில் இருந்தாள். என் மூக்குப் போனது அவளுக்கும் தெரியுமாம், பால் புளித்த அன்றைக்கே தெரியுமாம். "தூள் வறுத்ததைப் பப்பா சொல்ல வேண்டாம் எண்டவர், நீங்கள் கவலைப்படுவீங்களெண்டு." என் கவலையை எல்லாரும் சேர்ந்து எவ்வளவு பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறார்கள்!

செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை. எண்ணிச் சொல்லத் தெரிகிறது. மணம்தான் ஒன்றும் வரவில்லை.

8 மே, திங்கள்

தூரிட் கத்துவாள் என்று நினைத்துப் போனேன். கத்தவில்லை. எனக்கு நாற்காலி போட்டாள்.

"எப்போதிலிருந்து?"

"ஜனவரி."

"ஜனவரி" என்று அவளும் சொன்னாள். நான்கு மாதத்தை மனதுக்குள் எண்ணுவது தெரிந்தது. "நீ நல்லது என்று சொன்னதை எல்லாம் நான் நல்லது என்று சொல்லி விற்றேன். விழுந்த அன்றைக்குச் சொல்லியிருந்தால் உன் பக்கத்தில் நின்றிருப்பேனே. இப்போது எங்கே நிற்பது?"

பதில் இல்லாத கேள்வியைத்தான் சிநேகிதர்கள் கேட்பார்கள்.

வேலை இருக்கிறது என்றாள். பொதி கட்டலாம், காசு வாங்கலாம். ஜப்பானுக்குத் தனியே போகிறாள். நான் புறப்படும்போது மிச்சப் பொதியைத் தந்தாள். "இதை எறிய எனக்குக் கை வரவில்லை. நீயே கொண்டுபோ."

17 மே, புதன்

இன்று நொர்வேயின் தேசிய நாள்: கொடி, பாட்டு, ஊர்வலம். எம்மா பள்ளிக்கூடத்தோடு போனாள். நான் திரையை இழுத்துவிட்டேன்.

கராம்பு: இல்லை.

29 மே, திங்கள்

கடைக்குத் தூரிட்டிடமிருந்து தபாலட்டை வந்தது, என் பெயருக்கு. படத்தில் மலைச்சரிவு முழுக்கக் கறுப்புத் துணி. பின்னால் நான்கு வரி: இருட்டில் வைத்தால்தான் இலையில் இனிப்பு ஊறுகிறது என்று தோட்டக்காரர் சொன்னாராம், உன்னை நினைத்தேன் என்று.

இருட்டில் வைத்தால் இனிக்குமாம். ஒஸ்லோவில் பதினாறு குளிர்காலம் இருந்திருக்கிறேன். இனிக்கவில்லை.

அட்டையைக் கிழிக்கவும் இல்லை, ஒட்டி வைக்கவும் இல்லை.

16 ஜூன், வெள்ளி

வேலையை விட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. பேணிகளைத் திறக்கும்போது எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறார்கள். புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், தூரிட் கோப்பையை அவளிடம் நீட்டும்போது என்னைக் கடந்து கை போகிறது. அந்தக் கையை ஒரு கிழமை பார்த்தேன். போதும்.

30 ஜூன், வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

11 ஜூலை, செவ்வாய்

புருசெத் படியடியில் நின்றேன். வெயில். ஐஸ் இருந்த இடத்தில் ஒரு பிள்ளை ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நின்றது. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பலமாக விழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றே எழுதுகிறேன். என்னிடமும் மறைத்தால் பிறகு யாரிடம் சொல்வது?

எம்மா மேலே ரயில் மேடையிலிருந்து, "அம்மா, பானே வருது!" என்று கத்தினாள். ஏறினேன்.

14 ஆகஸ்ட், திங்கள்

குறொன்லாண்ட் பகுதியில் ஒரு அலுவலகத்தில் துப்புரவு வேலை தொடங்கியாயிற்று. எட்டு வருடம் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறேன். குளோரின் மணக்காததால் எனக்குத் தலையிடி வருவதில்லை என்று மேலாளருக்குச் சந்தோசம்.

ஊரில் திரும்பவும் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியாயிற்று. அவர் தொலைபேசியும் கையுமாக இருக்கிறார், தமையனுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. அங்கே அரிசி இல்லாமல் வரிசையில் நிற்கிறார்கள், நான் இங்கே மணமில்லை என்று கொப்பியில் அழுகிறேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டும் துக்கம் போகவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

3 செப்டம்பர், ஞாயிறு

அலுமாரி துப்புரவாக்கும்போது அந்தப் பொதி அகப்பட்டது. கறித்தூள் கியொக்குரோ. எறிவோம் என்று குப்பை வாளிவரை போனேன். எறியமுன் ஒருதரம் ஊற்றுவோம் என்று ஏன் நினைத்தேனோ. வீட்டில் ஒருவரும் இல்லை. வெட்கப்பட ஆளில்லை.

முதலில் கோபத்தில் கொதிதண்ணீரை அப்படியே ஊற்றினேன். வெறும் கைப்பு. துப்பினேன். பிறகு கை தன்பாட்டில் பழைய வேலையைச் செய்தது. புது இலை, கோப்பைக்குக் கோப்பை மாற்றல், ஐம்பது பாகை, இரண்டு நிமிடம், கடைசிச் சொட்டு.

நாக்கில் வைத்தேன். ஒன்றுமில்லை. பிறகு நாக்கின் இரண்டு கரையிலும் ஏதோ ஏறியது. தடிப்பாக. இறால் தலை அவித்து வடித்த சாற்றில் ஒரு கல்லுச் சீனி போட்ட மாதிரி. வாய் ஊறியது. விழுங்கிய பிறகும் போகாமல் நாக்கில் இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

ஜனவரிக்குப் பிறகு என் வாயில் நடந்த முதல் சம்பவம்.

அந்த வைத்தியப் பொடியன் சொன்னானே, நாக்கு வேறு பாதை என்று. மே மாதம் முழுக்க நான் மூக்கை நினைத்து அழுதேன், ஒரு மிடறுகூடக் குடித்துப் பார்க்கவில்லை. பழகும்போது ஊற்றி ஊற்றித் தொட்டியில் கொட்டினேன்.

ஆனால் இதில் என்ன இருக்கிறது? கடற்பாசி இல்லை, பயறு இல்லை. பன்னிரண்டு பேரும் மூக்கைச் சுளித்த தேயிலை. மூக்குள்ளவர்களுக்கு இது செத்துப்போயிற்று. உலகத்தில் இதைக் குடிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். பெருமைப்படுகிற விசயமா இது?

இரண்டாம் தரமும் ஊற்றினேன்.

10 செப்டம்பர், ஞாயிறு

கராம்பு: இல்லை.
தேயிலை: இருந்தது.

22 ஒக்டோபர், ஞாயிறு

ஞாயிறுகளில் மட்டும் ஊற்றுகிறேன், முடிந்துவிடக்கூடாது என்று. இன்று அவர் வந்து எதிரில் இருந்தார். மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருந்து கதைத்தது குறைவு. தூளைத் திரும்பவும் லில்லெஸ்ட்ரோமில்தான் வறுக்கிறார். நான் கேட்கவில்லை. அவராகவே போகிறார், வருகிறார்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்தும்" என்றார். மூன்று கரண்டி சீனியும் பாலும் போட்டுக் குடிக்கிற மனுசன். முந்தியெல்லாம் கியொக்குரோவை அவர் கீரை அவித்த தண்ணீர் என்பார்.

குடித்தார். "தூள் மணம் அப்பிடியே நிக்குது" என்றார். கண் கலங்கியிருந்தது. "நான் செய்தது பிழை அனா. தேயிலையைச் சொல்லேல்லை. உமக்கு மணக்காதெண்டு நினைச்சன் பாரும், அதைச் சொல்லுறன்."

நான் மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை. கோப்பையை வாங்கி இன்னொரு தரம் ஊற்றிக் கொடுத்தேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் குடித்து முடித்தார்.

3 டிசம்பர், ஞாயிறு

மூன்று மணிக்கே இருட்டு. தூரிட் தொலைபேசி எடுத்தாளாம், எம்மா சொன்னாள். திருப்பி எடுக்கவில்லை.

10 ஜனவரி 2007, புதன்

ஒரு வருடம்.

கராம்பு: இல்லை.

14 ஜனவரி, ஞாயிறு

காலையில் போத்தலைத் திறக்கவில்லை. மத்தியானம் ஆட்டிறைச்சி. கராம்பு எங்கே என்று அவர் தட்டுத் தட்டாகத் தேடினார். என் கட்டிலடியில் இருந்த போத்தலை எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "முழுக்கப் போடுங்கோ" என்றேன். நான்கைந்து போட்டுவிட்டு மிச்சத்தை வெறுமையாய்க் கிடந்த குசினிக் கராம்புப் போத்தலில் கொட்டினார். போத்தலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

பொதியில் கடைசி இலை இருந்தது. மூன்று கோப்பைக்கு வந்தது. அதே இலையில் நான்கு தரம் தண்ணீர் ஊற்றினேன், நான்காவதிலும் நாக்கின் கரையோரத்தில் கொஞ்சம் ருசி இருந்தது. எம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு, "அம்மா, இது இறைச்சிக்கறி" என்றாள். "எனக்கு இறால்" என்றேன். சிரித்தாள். நானும் சிரித்திருக்கிறேன் போல, அவர் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

இலையை எறியப் போனேன். ஜப்பானில் குடித்து முடித்த இலையைச் சாப்பிடுவார்கள் என்று தூரிட் ஒருதரம் சொன்னது ஞாபகம் வந்து அவருக்கும் சொன்னேன். "அப்ப ஏன் எறியிறீர்? நான் அப்பவே சொன்னனான், இது கீரை" என்று சாடியை வாங்கிக் கொண்டுபோனார். வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, கொஞ்சம் மஞ்சள். எல்லாம் போட்டு வதக்கி வறை வைத்தார். கறித்தூள் மணம் அதற்குள் பொருந்திப் போயிற்றாம், அப்போதுதான் வறுத்த மாதிரியாம். எம்மாவே இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

தூரிட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மூக்கு வரவில்லை, இனி வராது என்றேன். அழாமல் சொல்ல முடிந்தது. அந்தக் கெட்ட பொதியை முழுக்கக் குடித்து முடித்துவிட்டேன் என்றும், கடைசி இலையில் வறை வைத்துச் சாப்பிட்டோம் என்றும் சொன்னேன். "எப்படி இருந்தது?" என்று கேட்டாள். கடையில் ஒவ்வொரு கோப்பைக்கும் என்னிடம் கேட்கும் அதே கேள்வி, அதே குரல்.

இந்தமுறை கொப்பியில் எழுதி வைத்த சொற்களைச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"வறையில் உப்புக் கொஞ்சம் குறைவு" என்றேன். வீட்டில் வேறு ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.